முகம் வரும், பெயர் வராது
(புஜைரா சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)

 

நாங்கள் இருக்கிற இந்தப் புஜைராவில், பித்னாவிலே, கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துக் கல்லறை ஒன்று உண்டு. பலரைச் சேர்த்துப் புதைத்த இடம். அவையள் ஆர் எண்டு இண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. 'எலும்பை வைச்சு ஆளைக் கண்டுபிடிக்கேலாதோ?' எண்டு பிள்ளைகள் கேட்பினம். முகத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

மதுரைக்குப் பக்கத்தில் உள்ளது கீழடி. அதற்கு அருகே கொந்தகையில், இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த இடுகாடு இருக்கிறது. அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். அவற்றின் ஸ்கேன் படங்களை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகங்களை உருவாக்கினார்கள். சுமார் 2500 வருடங்களுக்கு முந்திய அந்த முகங்களை 2025இல் உலகம் பார்த்தது. பார்த்தால் எங்கட ஊர்ப் பெரியப்பா மாதிரித்தான் இருக்கு!

எப்படிச் செய்கிறார்கள்? கணினியிலே மண்டையோட்டின் மேல் தசைகளை ஒவ்வொன்றாகப் பொருத்துகிறார்கள். எந்த இடத்தில் சதை எவ்வளவு தடிப்பு என்பதற்கு, உயிரோடு இருப்பவர்களிடம் எடுத்த அளவுகள் உண்டு. கண்குழி கண்ணின் இடத்தைச் சொல்லும். மூக்கெலும்பு மூக்கைச் சொல்லும். பல் உதட்டைச் சொல்லும். தோலின் நிறமும் தலைமயிரும் எலும்பிலே தெரியாது. அவற்றை இன்றைய தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துத்தான் வைத்தார்கள்.

முகம் வந்தது. பெயர் வரவில்லை.

இங்கிலாந்து அரசன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளை 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் தரிப்பிடம் ஒன்றின் கீழே கண்டெடுத்தார்கள். அவருக்கும் முகம் செய்தார்கள். ஆனால் இது அவர்தான் என்று உறுதிப்படுத்த, அவருடைய அக்கா வழி வந்தவர்களின் மரபணுவும் தேவைப்பட்டது. வம்சத்தை எழுதி வைத்திருந்தபடியால்தான் அவர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? செம்மணியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அங்கே கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் அந்த ஆகஸ்டில் சனத்துக்குக் காட்டினார்கள், ஆராவது அடையாளம் காண்பினமோ எண்டு. அந்த எலும்புகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் உறவுகள்தான்.

ஆகவே இந்த வருடப்பிறப்பில் ஒரு வேலை செய்யுங்கோ. வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்னால் பெயரும் ஊரும் எழுதுங்கோ. காணாமற் போனவர் இருந்தால், அவருக்கு எந்தப் பல் இல்லை, எந்தக் கை முறிந்து பொருந்தினது, கடைசியாய் என்ன உடுப்பு எண்டு அம்மாவிட்டைக் கேட்டு எழுதி வையுங்கோ. அம்மா இருக்கேக்கையே கேளுங்கோ.