ஊழும் முயற்சியும்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாற்கரையில் நம்மவர் பல்லாண்டு வாழ்ந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்களுள் 189 மட்டுமே நரேலாவில் மாற்றுவீடு பெறத் தகுதியுடையனவாகக் கணக்கிடப்பட்டன. இது தலைவிதி என்று நாம் அமைந்துவிடலாமா?

ஊழினும் வலியது எது என்று 380-ஆம் குறளில் வினவும் வள்ளுவரே, சோர்வின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று 620-ஆம் குறளில் உரைக்கின்றார். இவை தம்முள் முரண்படுவன அல்ல. நடந்து முடிந்ததை மாற்றவியலாது. அவ்வளவில் ஊழ் வலியது. இனி நடப்பதோ நம் முயற்சியையும் பொறுத்தது. மேலும், கணக்கெடுப்பும் ஆணையும் மனிதர் செய்தவை. இறைவன் எழுதியவை அல்ல. மனிதர் வகுத்ததை மனிதரிடமே முறையிட்டுத் திருத்தக் கோரலாம். ஆதலின், கடவுளை நொந்து வாளாவிருத்தல் தகாது. தகுதி மறுக்கப்பட்டோர்க்காக ஒருங்கே முயலுதலே நமக்கு முறை.