குழந்தைகளுக்கு மாயக்கதை கொடுக்கலாமா?



இந்த வாசகசாலையில் குழந்தைகளுக்கென்று ஓர் அலமாரி திறக்கும் இன்று நம்மைப் பேசச் சொன்னார்கள். நாம் உள்ளே நுழைந்ததும் ஒரு தோழர் நம்மைத் தனியே அழைத்து, "ஐயா, அந்த அலமாரியில் பூதமும் மந்திரத் தொப்பியும் வருகிற படப் புத்தகங்கள் இருக்கின்றன. மேடையில் பேயில்லை, மந்திரமில்லை என்று தொண்டை கிழியப் பேசிவிட்டுப் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே பேச நினைத்து வந்ததை ஒதுக்கிவிட்டு இதற்கே பதில் சொல்லுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் கேட்டிருந்தால், "தூக்கியெறி" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்போம். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் புத்தகங்களை எழுதியவரும் படம் வரைந்தவரும் ஒருவரே. அவர் பின்லாந்து தேசத்து டூவே யான்சன் அம்மையார். 1914ல் ஹெல்சிங்கி நகரில் பிறந்து 2001ல் காலமானவர். தகப்பனார் சிற்பி. தாயாரோ தபால் தலைகளுக்குச் சித்திரம் வரைந்தவர். அம்மையார் படிப்புக்காக ஸ்டாக்ஹோமில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தபோது, இராத்திரியில் சமையலறைக்குள் புகுந்து தின்பண்டம் எடுப்பது வழக்கமாம். அதைத் தடுக்க மாமன், "அங்கே மூமின் பூதம் ஒளிந்திருக்கிறது, பின்னால் வந்து கழுத்தில் சில்லென்று மூச்சு விடும்" என்று பயமுறுத்துவாராம். நம் வீட்டுப் பூச்சாண்டியின் சுவீடன் தேசத்துத் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள்!

இந்தப் பூதத்தை அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? உடுக்கையடித்து ஓட்டவில்லை, தாயத்துக் கட்டவில்லை. அதையே பிடித்து, மூக்குப் பருத்த நீர்யானைக் குட்டி போல வரைந்து, அதற்கு ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு வீடு எல்லாம் கொடுத்து, குழந்தைகள் கட்டிக் கொண்டு தூங்கும்படியாக ஆக்கிவிட்டார். 1945 முதல் 1970 வரை இந்த மூமின் குடும்பத்தைப் பற்றி 9 கதைப் புத்தகங்கள் வந்தன. எழுதியவர் ஒன்றும் உலகம் தெரியாதவர் அல்ல. 'கார்ம்' என்ற கேலிப் பத்திரிகையில் ஹிட்லரையும் ஸ்டாலினையும் துணிந்து கேலிச் சித்திரம் போட்டவர்.

அந்தப் பள்ளத்தாக்கில் மாயம் உண்டு. 1948ல் வந்த புத்தகத்தில், முட்டை ஓட்டைத் தொப்பியில் போட்டால் அது குழந்தைகள் ஏறிச் சவாரி செய்யும் மேகமாகிறது. ஆனால் அதற்குப் பூசாரி உண்டா? தட்சணை உண்டா? நம்பாதவன் நரகத்துக்குப் போவான் என்ற மிரட்டல் உண்டா? ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு எவர் வந்தாலும் சாப்பாட்டில் ஓரிடமும் படுக்க ஒரு கட்டிலும் கிடைக்கும். நீ யார் வயிற்றில் பிறந்தாய் என்று எவரும் கேட்பதில்லை.

1946ல் வந்த கதையைக் கேளுங்கள். வால் நட்சத்திரம் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. வீட்டில் கஸ்தூரி எலி ஒருவர் வந்து தங்கியிருக்கிறார். அவர் பெரிய வேதாந்தி. கட்டித் தொங்கவிட்ட வலையில் படுத்துக் கொண்டு, எல்லாம் வீண் என்று போதிக்கிற புத்தகத்தை ஓயாமல் படிக்கிறவர். நாமானால் என்ன செய்வோம்? சாந்தி, ஹோமம், கஞ்சித்தொட்டி என்று கிளம்புவோம். நாம் மட்டுமல்ல, 1910ல் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது அமெரிக்காவிலேயே அதன் விஷம் தாக்காமலிருக்க மாத்திரை என்று விற்றுக் காசு பறித்தார்கள். ஆனால் மூமின் குட்டியும் அவன் தோழனும் செய்தது என்ன? வானாராய்ச்சிக் கூடம் எங்கே இருக்கிறதென்று கேட்டுக் கொண்டு, மலையேறிப் போய், தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்திருக்கும் புரொபசர்களிடம் விசாரிக்கிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டு நாளும் மணியும் சொல்லுகிறார்கள். பிறகு குடும்பமெல்லாம் ஒரு குகையில் ஒதுங்க, வால் நட்சத்திரம் மோதாமல் விலகிப் போகிறது. தோழர்களே! பூதம் வருகிற இந்தக் கதை, பூதமே வராத நமது பஞ்சாங்கத்தைவிடப் பகுத்தறிவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா?

ஆகவே மாயம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. இது கதை என்று கதையே ஒப்புக் கொள்கிறதா, அல்லது உண்மை என்று சொல்லிக் காசும் பயமும் கேட்கிறதா என்பதே கேள்வி. நாம் எதிர்ப்பது பொய்யைக் காட்டிக் குழந்தையின் மானத்தையும் அறிவையும் பறிப்பதை. கற்பனையை அல்ல.

இனி நம்மைப் பற்றிய விஷயத்துக்கு வருகிறோம். 1962ல் வந்த கதைகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத குழந்தையைப் பற்றியது. நின்னி என்ற சிறு பெண்ணை ஒருத்தி வளர்க்கிறாள். அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. நாள் முழுவதும் குத்தலாகக் கேலி பேசுகிறாள், அவ்வளவுதான். குழந்தை கூனிக் குறுகி, வெளுத்து, கடைசியில் உருவமே தெரியாமல் போய்விடுகிறது. மூமின் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அம்மா ஏதோ பாட்டி மருந்து கொடுக்கிறாள், தன் சால்வையை வெட்டி ஒரு கவுன் தைத்துக் கொடுக்கிறாள், அதட்டாமல் பேசுகிறாள். முதலில் பாதம் தெரிகிறது, பிறகு மெள்ள மெள்ள உடம்பு தெரிகிறது. முகம் மட்டும் வரவில்லை. ஒருநாள் கடற்கரையில் அப்பா விளையாட்டுக்காக அம்மாவைத் தண்ணீரில் தள்ளப் போவது போலப் பதுங்கிப் பின்னால் வர, குழந்தைக்குக் கோபம் வந்து அவர் வாலைக் கடித்துவிடுகிறது! அந்த நிமிஷமே முகம் வந்துவிடுகிறது. கோபம் வந்தது, முகம் வந்தது. நாம் மேடைமேடையாகப் பேசுவதை அந்த அம்மையார் ஒரு குழந்தையின் முகத்தில் காட்டிவிட்டார்.

இதைப் படித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. ஏனென்றால், கேலிதான் நமது ஆயுதம். புரோகிதனைக் கேலி செய்து கேலி செய்து நாக்குப் பழகிவிட்டது. ஒருநாள் நம் தம்பி மகள், 7 வயது, நாலு தோழர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து, "பெரியப்பா, பேய்க்குக் கால் உண்டா?" என்று கேட்டாள். நாம், "இதோ பாருங்கள், நம் வீட்டிலேயே ஒரு பூசாரி!" என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு வெகுகாலம் அது நம்மிடம் எதையும் கேட்கவில்லை. எதையுமே! கேள்வி கேள், கேள்வி கேள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் கேட்ட ஒரு வாயை நாமே அடைத்துவிட்டோம். பேயைச் சொல்லி மிரட்டுகிற பாட்டிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கதையை அவளுக்கு நாமே வாசித்துக் காட்டினோம். முடிந்ததும், "அந்த அப்பாவுக்கு வால் வலித்ததா?" என்று கேட்டாள். தோழர்களே! பல மாதங்களுக்குப் பின் நம்மிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது. வலித்திருக்கும் என்று பதில் சொன்னோம்.

ஆகவே, அலமாரியில் அப்புத்தகங்கள் இருக்கட்டும். பிள்ளைகள் படிக்கட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். இது நிஜமா என்று குழந்தை கேட்டால், இல்லையென்று உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் சிரிக்காமல் சொல்லுங்கள். உங்களை எதிர்த்துப் பேசினால் ஓங்கிய கையைக் கீழே போடுங்கள். அதற்கு முகம் வந்து கொண்டிருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள் எனக் கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.