ஆட்டிசமும் வைத்தியப் புரட்டும்

(கடப்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி ஆட்டிசம். பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது என்றால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? கோடாங்கியிடம் ஓடுகிறார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள், ஜாதகத்தை விரிக்கிறார்கள். எங்கே போனாலும் கடைசியில் வருகிற முடிவு ஒன்றுதான்: பெற்றவள் செய்த பாவம்! அப்பன் பேரில் அந்தப் பாவம் ஏறினதாக ஒரு ஜோசியனும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இது நம் ஊர் மடமை மாத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். 1943இல் லியோ கன்னர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பார்த்து இந்த நிலையை விவரித்து எழுதினார். அதன் பிறகு வந்த படிப்பாளிகள் பலர், தாயின் மனம் குளிர்ப்பெட்டி மாதிரி இருந்ததனாலேயே பிள்ளை இப்படியாயிற்று என்றார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967இல் இதற்கென்றே ஒரு தடித்த புத்தகம் போட்டார். நம் ஊர்க் கர்மபலனுக்குக் கோட்டு மாட்டிவிட்டதைத் தவிர இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது? ஆட்டிசப் பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்டு ரிம்லாண்டு 1964லேயே, இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்த காரியம், வளர்ப்பினால் வந்ததல்ல என்று ஆதாரத்துடன் எழுதியிருந்தார். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளும் பின்னால் அதையே காட்டின. தடுப்பூசியின் பேரில் 1998இல் பழி போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையை 2010இல் பத்திரிகையே திரும்பப் பெற்றது. அவர் டாக்டர் பதிவும் போயிற்று. ஆகவே தாய்மார்களே, உங்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

பழி சுமத்துகிறவன் போனால், குணப்படுத்துகிறேன் என்கிறவன் வந்து நிற்கிறான். இவனை எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம், கவனமாய்க் கேளுங்கள்.

பேசாத பிள்ளையின் கையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளுவார். பிள்ளையின் விரல் எழுத்துப் பலகையில் ஓடும். அழகான வாக்கியங்கள் வரும். ஆஸ்திரேலியாவில் 1970களில் தோன்றிய இம்முறை 1990 வாக்கில் அமெரிக்கா போய்ப் பெரிய அற்புதமாகப் பேசப்பட்டது. "அம்மா, உன்னை நேசிக்கிறேன்" என்று பலகையில் வந்தால் எந்தத் தாய்தான் அழமாட்டாள்? ஆனால் சிலர் எளிய சோதனை வைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம், ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. பிள்ளைக்குப் படகும் பிடிப்பவருக்கு மரமும் காட்டினதாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் என்ன வந்தது? மரம்! திரும்பத் திரும்பச் செய்தும் பிடித்தவர் கண்டதுதான் வந்தது. இதற்குள் பலகையில் வந்த எழுத்தை நம்பித் தகப்பன்மார் மேல் பாலியல் குற்றம் சாட்டிக் குடும்பங்களையும் பிரித்துவிட்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் இம்முறைக்கு ஆதாரமில்லை என்று தீர்மானம் போட்டது. பலகையைக் காற்றில் தூக்கிப் பிடிக்கும் வேறொரு முறையையும் சேர்த்து, 2018இல் அந்நாட்டுப் பேச்சுப் பயிற்சியாளர் சங்கமும் வேண்டாமென்றது. கை பிடித்தவர்களில் பெரும்பாலோர் மோசக்காரர்கள் அல்ல. தாம் நகர்த்துவது தமக்கே தெரியாதவர்கள். ஆவி வந்து தட்டை நகர்த்துகிறது என்று நம்புகிறவர்களும் இப்படித்தானே?

ஆகவே எவர் வந்து அற்புதம் காட்டினாலும், "ஐயா, கொஞ்சம் கையை விடுங்கள், பார்ப்போம்" என்று கேளுங்கள்.

அடுத்தது ஊசி. ஸ்டெம் செல் ஏற்றினால் பிள்ளை பேசும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். படகை அடமானம் வைத்து, தாலிக்கொடியை விற்று, உப்பளத்துக் கூலியில் வட்டி கட்டுகிற குடும்பம் இதில் விழுந்தால் எழுந்திருக்குமா? 2017ஆம் வருஷத்திய சர்க்கார் வழிகாட்டுதல்படி, ரத்தத்தைச் சேர்ந்த சில வியாதிகளைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையே. சிகிச்சையாக விற்கக் கூடாது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்க வாரியமும், ஆட்டிசத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது, விளம்பரப்படுத்துவது ஒழுக்கக்கேடு என்றது. உடம்பிலிருந்து உலோக விஷத்தை இறக்குகிறோம் என்று ஏற்றிய மருந்தினால் 2005இல் அமெரிக்காவில் 5 வயதுப் பையன் செத்தான். கோடாங்கியாவது வேப்பிலையோடு நிறுத்தினான்!

சரி, பேயும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ஆட்டிசத்தை அடியோடு மாற்றும் மருந்து கிடையாது. ஆனால் உதவி உண்டு, அது மெதுவானது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனை 2016இல் வெளியாயிற்று. நடத்தினவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள். தாய் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அதைத் தாயோடு உட்கார்ந்து பார்த்து, "இதோ இங்கே பிள்ளை உங்களைப் பார்த்தது, நீங்கள் கவனிக்கவில்லை" என்று காட்டினார்கள். ஆட்டிசம் மறையவில்லை, ஆனால் தாய்தகப்பன்மார் பிள்ளையின் போக்கை அறிந்து பதில் கொடுத்தார்கள், பிள்ளைகள் தாமாகவே தொடர்புகொள்ள ஆரம்பித்தது அதிகமாயிற்று. நம் சர்க்கார் தாள்களில் "புறவுலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதிவைத்தவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். மிக்ஸி சத்தத்துக்குத் துடிக்கிற பிள்ளைக்கா புறவுலகம் தெரியவில்லை?

பேச்சு வராத பிள்ளைக்குச் சோறு, தண்ணீர், கக்கூஸ், வலி என்று படம் வரைந்து கொடுங்கள். அதன் சொந்த விரலால் தொடட்டும். படம் கொடுத்தால் பேச்சே வராமல் போகும் என்று பயமுறுத்துவார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அப்படிப் போகவில்லை. சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடவே செய்தது. சத்தம் தாங்காவிட்டால் சத்தத்தைக் குறையுங்கள். "அடியாத மாடு படியாது" என்று கையை ஓங்காதீர்கள், பிள்ளை மாடல்ல. கட்டியும் போடாதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ந் தேதி, மனநோய் தீருமென்று சங்கிலியில் கட்டிவைத்திருந்தவர்களில் 28 பேர் தீயில் மாண்டது இந்தத் தமிழ்நாட்டில்தான்.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கும் வடக்கே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் ஏற்பட்டது. பஸ் ஏறினால் போய்ச் சேரலாம். 2016ஆம் வருஷத்துச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 40 சதவிகிதம் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமை. பள்ளிக்கூடத்தில் "இவன் இங்கே வேண்டாம்" என்றால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சான்றுக்கு மனு எழுதத் தெரியாதவர்களுக்காக நமது தோழர்கள் இருவர் மேடைக்குப் பக்கத்தில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் ஆதார் அட்டை கையிலிருந்தால் இப்பொழுதே போகலாம்.