எரிச்சல் வேறு, கடுப்பு வேறு



நாள்பட்ட வலி பற்றிய கருத்தரங்குக்குத் தமிழ்த்துறைக்காரர்களை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று காலையில் தேநீர் குடிக்கும்போது இரண்டு டாக்டர்கள் என்னைக் கேட்டார்கள். பதிலுக்கு ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபதை ஒட்டிய அம்மா. பூக்கட்டி விற்பவர், நீண்டகாலச் சர்க்கரைக்காரர். மஞ்சப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். எக்ஸ்ரே, பழைய சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். எந்தச் சீட்டைப் பார்த்தாலும் 'கால் வலி'. எந்த அட்டையைப் பார்த்தாலும் டைக்ளோஃபினாக். நானும் வழக்கப்படி, "பத்துக்கு எத்தனைம்மா வலிக்குது?" என்றேன். "மார்க்கு நீங்கதான சார் போடணும்?" என்று சிரித்தார். சரி, எப்படி வலிக்கிறது என்று கேட்டேன்.

"வலின்னு இல்ல சார். மிளகா அரைச்சுப் பூசினாப்ல எரியுது. ராத்திரி போர்வை பட்டாக்கூடத் தாங்கல. ஆனா நடக்கையில செருப்பு கழண்டு போனா தெரிய மாட்டேங்குது."

நோய் இன்னதென்று அவரே சொல்லிவிட்டார். எரிச்சலும் மரமரப்பும் ஒரே பாதத்தில் இருந்தால், சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பரிசோதித்தேன், அதேதான். வீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் கேட்கிற டைக்ளோஃபினாக் இந்த எரிச்சலுக்குக் கேட்காது. மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. இதற்கு அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் என்று மருந்து வரிசையே வேறு. "வலின்னு இல்ல" என்று அவர் முன்பும் சொல்லியிருப்பார். சீட்டில் ஏறியது 'கால் வலி'.

ரொனால்ட் மெல்சாக்கை, 1965-இல் பேட்ரிக் வாலுடன் சேர்ந்து முன்வைத்த 'வாயில்' கோட்பாட்டுக்காக எல்லாரும் படித்திருப்போம். இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் ஏன் சற்று இதமாகிறது என்பதற்கு விளக்கம் தந்த கோட்பாடு. புற நோயாளி மேசையில் எனக்கு அதைவிடப் பயன்பட்டது அவர் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வினாத்தாள். வலியை விவரிக்கும் 78 சொற்கள், 20 தொகுதிகள். வலிக்கு எத்தனை மார்க் என்பதோடு நிற்காமல், அது என்ன மாதிரி வலி என்று கேட்ட வினாத்தாள்.

அதை அப்படியே மொழிபெயர்த்தால் நமக்கு உதவாது. 'மின்னதிர்ச்சி போன்ற உணர்வு உண்டா?' என்று அச்சடித்த தாளை நீட்டினால் நோயாளி இல்லை என்பார். மறுநிமிடம், "சுள்ளுனு கரண்டு அடிக்குது" என்பார். மூட்டில் குடைச்சல், காலில் உளைச்சல், முதுகில் பிடிப்பு, தலையில் விண்விண். கடுப்பு என்பது கைகாலில் ஒன்று, மூத்திரத்தில் வேறொன்று. யாழ்ப்பாணத்தில் 'நோகுது' என்றால் போதும். இவற்றை ஊர்வாரியாகத் திரட்டி, எந்தச் சொல் எந்த வகை வலியைக் காட்டுகிறது என்று நோயாளிகளிடமே சரிபார்க்க வேண்டும். டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து செய்கிற வேலையில்லை இது.

மூன்று மாதம் தாண்டிய வலிக்கு, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப்பட்டியல் தனி இடம் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை, இன்னொரு நோயின் அறிகுறியாக அல்லாமல், தனி நோயாகவே ஏற்றிருக்கிறது. 'நோ'விலிருந்துதானே 'நோய்' வந்தது என்று தமிழறிஞர்கள் புன்னகைப்பது தெரிகிறது. புன்னகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சொற்பிறப்பை வைத்து மருந்துச்சீட்டு எழுத முடியாது. வாயால் சொல்ல முடியாதவருக்கும் வலி உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். பிற்பகல் அமர்வில் குழந்தைகளைப் பற்றியும் மறதிநோய் வந்த முதியவர்களைப் பற்றியும் பேசவிருக்கிறார்கள்.

அந்த அம்மா ஒரு மாதம் கழித்து வந்தார். எரிச்சல் பாதியாகியிருந்தது, தூக்கம் வந்திருந்தது. "செருப்பு மட்டும் இன்னமும் கழண்டு போவுது சார்" என்றார். மரத்துப்போன உணர்ச்சியை, எரிச்சலுக்கு நான் எழுதிக்கொடுத்த மாத்திரை மீட்டுத்தராது. குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கச் சொன்னேன். தினமும் படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.