கர்ப்பிணியின் உடம்பை உருவிவிடலாமா?



ஏழு, எட்டு மாதமாகிவிட்டால் கர்ப்பிணிக்கு இடுப்பு கடுக்கும். மாலையானால் கால் வீங்கும். "மாக் பீடானைக் கூப்பிட்டு ஒரு தடவை உருவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்மா" என்பார் மாமியார். "டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது" என்பார் கணவர். ஜார்ஜ்டவுனில் நம்மவர் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம்தான் இது. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

பாரம்பரிய உருவுதலை அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக, 2007-ஆம் ஆண்டில், பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில்தான். பிரசவித்த தாய்மாருக்கு உருவுதல், சூட்டு ஒத்தடம், வயிற்றுக்கட்டு ஆகியவை அந்தச் சேவையில் அடங்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை குழந்தை பிறந்த பிறகு செய்யப்படுபவை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முறை வேறு.

தோள், முதுகு, பாதம் ஆகியவற்றை மெதுவாக நீவிவிட்டால் இறுக்கம் தளரும், தூக்கம் வரும். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்கவைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். தாய்க்குத் தலைசுற்றும், குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையலாம்.

வயிற்றை மட்டும் அழுத்தி உருவக்கூடாது. "பிள்ளை தலை திரும்பவில்லை" என்று வீட்டில் உருவித் திருப்ப முயன்றால், நஞ்சு கருப்பையிலிருந்து பிரிந்து இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். மருத்துவமனையில் டாக்டர்களும் வெளியிலிருந்து கையால் திருப்புவதுண்டு. ஆனால் 36, 37 வாரமளவில், ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்து, அவசர அறுவைச் சிகிச்சைக்கும் தயாராக இருந்துதான் செய்கிறார்கள். அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலிக்கிறது.

அடுத்தது கால் வீக்கம். இரண்டு கால்களும் மாலையில் சற்று வீங்கி, படுத்து எழுந்தால் வடிவது இயல்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சிவந்து வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதை அமுக்கிவிட்டால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. பிரசவமான பின்னும் 6 வாரம்வரை இந்த அபாயம் அதிகம். முகமும் கைகளும் திடீரென வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். இவை எண்ணெய் தேய்த்தால் தீருபவை அல்ல.

ஆகவே, மாக் பீடானை அழைப்பதற்கு முன், பிங்க் புத்தகத்தோடு தாய்சேய் நல கிளினிக்குக்குப் போய்த் தாதியிடம் கேட்டுவிடுங்கள். இரத்தக்கசிவு, ஒற்றைக்கால் வீக்கம், கடும் தலைவலி இவற்றில் எது கண்டாலும் அடுத்த தவணை நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.