இடியன் துவக்கின் நிப்பிளும் கேப்பும்

மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால், வீதி நெடுக வாகன உதிரிப்பாகக் கடைகள். அங்கே ஒரு போல்ட் கேட்டுப் பாருங்கள். "மில்லியா, இஞ்சியா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 6 மில்லிமீற்றர் போல்ட், கால் இஞ்சித் துளைக்குள் போய்விடும். கால் இஞ்சி என்றால் 6.35 மில்லிமீற்றர், வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. கையால் திருகும்போது பிடித்த மாதிரித்தான் இருக்கும். பாரம் ஏறியதும் மரையைச் சீவிக்கொண்டு வெளியே வந்துவிடும். வாகனத்தில் இது நடந்தால் ஏதோவொரு பாகம் கழன்று விழும். துவக்கில் நடந்தால், சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரும்.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்தத் துவக்கைப் பற்றி. வன்னியிலும் மட்டக்களப்பிலும் இடியன் என்பார்கள். வாய்ப்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ஈயத்தைப் போட்டு, கோலால் இடித்து நிரப்புகிற பழைய துவக்கு. அதன் உயிர் குழாயின் அடிப்பக்கத்தில், நகக்கண்ணளவு இடத்தில் இருக்கிறது. அங்கே மரையிட்டுத் திருகிய சிறிய உருக்குக் கூம்பொன்று உண்டு, நடுவில் ஊசித்துளை. அதுதான் நிப்பிள். அதன் தலையில் கவிழ்க்கிற செப்புக் குப்பிதான் கேப். குப்பியின் அடியில், அடித்தாலே வெடிக்கிற இரசாயனம் ஒரு துளி பூசியிருக்கும். விசையை இழுத்தால் சுத்தியல் கேப்பில் விழும், கேப் வெடிக்கும், அந்தச் சுவாலை ஊசித்துளை வழியாக இறங்கி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும்.

இது வருவதற்கு முன்னர் இருந்தது சக்கிமுக்கித் துவக்கு. கல் இரும்பில் உரசி, தீப்பொறி வெளிக்கிண்ணத்திலுள்ள மருந்தில் விழ வேண்டும். மழை பெய்தால் கிண்ணம் நனையும். காற்றடித்தால் மருந்து பறக்கும். 1803இலும் 1815இலும் கண்டி மலையேறிய பிரித்தானியப் படைகளின் தோளில் இருந்தவை இவைதான். கண்டியரின் துவக்குகளும் கல்லை நம்பியே இருந்தன. சிங்களக் கம்மாளர் செய்த துவக்குகளில் விசைப்பொறி குழாயின் இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்பக்கம்.

கல்லுக்கு விடைகொடுக்க வழிசெய்தவர் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்தின் பெல்ஹெல்வி கிராமத்துச் சபைக்குரு அலெக்சாண்டர் ஃபோர்சைத், வாத்து வேட்டையில் ஈடுபாடு உள்ளவர். வெளிக்கிண்ணத்தில் மருந்து பளிச்சிடுவதைக் கண்ட பறவைகள், ஈயம் வந்து சேருமுன் நீருக்குள் மூழ்கிவிடும். அடித்தால் வெடிக்கிற இரசாயனத்தை அவர் கையிலெடுத்தது அதனால்தான். 1807இல் உரிமைப்பத்திரமும் பெற்றார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில், வேறு பலர் கைபட்டு, செப்புக் கேப் வந்தது. பிரித்தானியப் படை 1834இல் வூல்விச்சில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இருவகையிலும் 6,000 வெடி. கல் துவக்கு 922 தடவை ஏமாற்றியது. கேப் துவக்கு 36 தடவை.

கேப் வந்தும் நிரப்புவது பழையபடிதான். 1840களில் நுவரெலியாவுக்கு வந்த சாமுவேல் பேக்கர், இந்த நாட்டுக் காடுகளில் யானை வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதினார். அந்தக் காலத்து வேட்டைக்காரருக்குப் பின்னால், நிரப்பிய துவக்குகளுடன் ஆட்கள் நிற்பார்கள். யானை எதிரே வரும்போது மறுபடி இடித்து நிரப்ப நேரம் ஏது?

ஒப்பீட்டில் தவறிய அந்த 36 போல, கேப் துவக்கும் சிலவேளை ஏன் ஏமாற்றுகிறது? பெரும்பாலும் பொருத்தத்தில்தான் கோளாறு. கேப்புகளுக்கு இலக்கம் உண்டு. 10, 11 என்று. இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம். தளர்ந்த கேப், துவக்கைச் சற்றுக் கவிழ்த்தாலே உதிர்ந்துவிடும். இறுகிய கேப் நிப்பிளின் தலையில் முழுக்க இறங்காது. சுத்தியலின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடிக்குத்தான் வெடிக்கும். நிப்பிளும் தேயும். ஊசித்துளை அகன்றால் வெடிவாயு பின்பக்கம் பீறிட்டு, சுத்தியலையே மேலே தள்ளும். சுத்தியலின் முகத்தைக் குழிவாகச் செய்திருப்பதற்கும் காரணம் உண்டு: வெடித்த செப்புத் துணுக்குகள் கண்ணுக்குப் பறக்காமல் அந்தக் குழி அடக்கிக்கொள்ளும்.

துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கப் பழகியவர்களிடம் ஒரு வழி இருந்தது. மருந்து நிரப்புவதற்கு முன், வெறும் துவக்கில் கேப்பை மட்டும் வைத்து, குழாய்வாயை ஒரு புல்லின் அருகே பிடித்துச் சுடுவார்கள். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் எண்ணெயோ கரியோ அடைத்திருக்கிறது. நிரப்பிய பிறகு கேப் வெடித்தும் துவக்கு வெடிக்காவிட்டால், வாயை ஆளில்லாத திசையில் பிடித்தபடியே ஒரு நிமிடமாவது பொறுப்பார்கள். உள்ளே மருந்து புகைந்துகொண்டிருந்து, பிந்தி வெடிப்பதும் உண்டு. எட்டிப் பார்த்தவர்கள் பலர் கண்ணை இழந்திருக்கிறார்கள்.

இதே பொறிமுறைதான் நம் கிராமப்புறங்களில் கட்டுத்துவக்காகவும் மாறியிருக்கிறது. பன்றி வரும் பாதையில் துவக்கை மரத்தில் கட்டி, விசையிலிருந்து குறுக்கே கயிறு இழுத்துவிடுவார்கள். கயிற்றில் தட்டுப்படுவது பன்றியா, விறகு பொறுக்க வந்த மனிதரா என்று அந்தச் சுத்தியலுக்குத் தெரியாது. முழங்காலடியில் ஈயம் பாய்ந்து கால் இழந்தவர்களை வடமத்திய மாகாண ஆஸ்பத்திரிகள் நன்றாக அறியும். யானைகளும் காலில் சீழ் பிடித்து, நாட்கணக்கில் நொண்டிச் சாகின்றன. கட்டுத்துவக்கு சட்டவிரோதம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துவக்கை வைத்திருந்தாலும், 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம்.

கடைசியாக, பாட்டன் காலத்துத் துவக்கு வீட்டிலிருந்து வெளிப்பட்டால் என்ன செய்வது? கேப் இல்லை என்பதால் அது வெறுமையென்று நினைக்காதீர்கள். ஈரம் படாத கருமருந்து பல தசாப்தம் கழித்தும் பற்றும். விசையை இழுத்துப் பார்க்கவோ, துருவைச் சூடாக்கிக் கழற்றவோ போகவேண்டாம். விவரம் தெரிந்தவர் முகத்தை விலக்கி, மரக்கோலைக் குழாய்க்குள் மெல்ல விட்டு, வாயருகே அடையாளமிட்டு, அதே கோலை வெளிப்பக்கமாகக் குழாயோடு வைத்துப் பார்ப்பார். கோலின் நுனி நிப்பிளின் அருகே வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. நாலு விரல் குறைந்தால், யாரோ எப்போதோ நிரப்பிய வெடி இன்னும் உள்ளே இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் துவக்கைத் தொடாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.