ஒரு நிமிடப் பேச்சும் பத்துக் குற்றமும்



வானொலியைக் கேட்டு வளர்ந்த நம்மில் பலர், ஒரு நிகழ்ச்சி பதிவாகும்போது அரங்கில் அமர்ந்து பார்த்திருக்க மாட்டோம். பிரிட்டனில் அந்த வாய்ப்பு பொதுமக்களுக்கு நெடுங்காலமாகவே உண்டு. இலண்டனில் 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிபிசியின் பிராட்காஸ்டிங் ஹவுஸ் கட்டடத்தினுள் ஓர் அரங்கம் இருக்கிறது. அங்கு நடைபெறும் ஒலிப்பதிவுகளுக்கு நுழைவுச்சீட்டு இலவசம். இலவசச் சீட்டைப் பெற்றவர் எல்லாரும் வருவதில்லை என்பதால், இருக்கைகளைவிட மிகுதியான சீட்டுகளை வழங்குகிறார்கள். ஆகவே சீட்டு இருந்தும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். நானும் நின்றேன்.

மொழியியல் படித்தவன் அத்தகைய வரிசையில் நிற்பதற்குத் தகுதியான நிகழ்ச்சி 'ஜஸ்ட் எ மினிட்'. இயன் மெசிட்டர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1967 முதல் ரேடியோ 4இல் ஒலிபரப்பாகி வருகிறது. நிக்கலஸ் பார்சன்ஸ் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதன் நடுவராக இருந்தார். விதி எளிது. கொடுத்த தலைப்பில் 60 நொடிகள் பேச வேண்டும். தயங்கக்கூடாது, சொன்ன சொல்லை மீண்டும் சொல்லக்கூடாது, தலைப்பைவிட்டு விலகக்கூடாது. தலைப்பில் உள்ள சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வழுவினால் மற்றவர் மறித்து, எஞ்சிய நொடிகளைத் தமதாக்கிக்கொள்ளலாம். கிளமென்ட் ஃபிராய்ட் பட்டியலிட்டே நொடிகளைக் கடத்துவார். கென்னத் வில்லியம்ஸ் உயிரொலிகளை இழுத்து நீட்டுவார்.

வானொலியில் கேட்கும்போது குரல் மட்டுமே வருகிறது. அரங்கிலோ, பேசுபவரின் கண்கள் அடுத்த சொல்லைத் தேடுவது தெரிகிறது. அருகில் இருப்பவர் மறிக்கக் காத்திருப்பதும் தெரிகிறது. அவையோரின் சிரிப்பும் ஆட்டத்தின் ஓர் உறுப்பே. சிரிப்பு அடங்கும்வரை கிடைக்கும் இரண்டு நொடியில் பேச்சாளர் அடுத்த தொடரைக் கட்டிவிடுகிறார்.

அவ்விதிகளைக் கேட்டதும் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' உண்டு; 'மற்றொன்று விரித்தல்' உண்டு. ஆங்கிலேயரின் மூன்று குற்றங்களில் இரண்டு அங்கே அப்படியே இருக்கின்றன. தயக்கம் மட்டும் இல்லை. இருக்கவும் இயலாது, ஏனெனில் அப்பத்தும் நூலின் குற்றங்கள். எழுதி முடித்த பனுவலில் எழுதியவர் தயங்கிய இடம் தெரிவதில்லை. தயக்கம் உயிருள்ள பேச்சுக்கே உரியது.

அந்த விளையாட்டு தொடங்கிய மறு ஆண்டு, 1968இல், அதே இலண்டனில் பணியாற்றிய ஃபிரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் இயல்பான பேச்சின் இடைநிறுத்தங்களைப் பற்றிய தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். நாம் தடையின்றிப் பேசுவதாக எண்ணும்போதும் பேச்சு நேரத்தில் கணிசமான பகுதி மௌனம்தான் என்பதையும், அம்மௌனத்தில் மனம் அடுத்ததைத் திட்டமிடுகிறது என்பதையும் அவர் காட்டினார். நம் பேச்சில் வரும் 'வந்து', 'இந்த', 'அதாவது' ஆகியனவும் இவ்வேலையைத்தான் செய்கின்றன.

ஆசிரியர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பேச்சுப் போட்டிகளில் ஒரு தடங்கலும் இன்றி ஒப்பிக்கும் பிள்ளைக்கே பரிசு கிடைக்கிறது. அதே பிள்ளையிடம் மேடையிலிருந்து இறங்கியதும், "எப்படி வந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள், விடை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். தயங்கித் தயங்கித் தமிழிலேயே சொல்லை உருவாக்கும் பிள்ளை, நம் மதிப்பெண் தாளில் பின்தங்கிவிடுகிறது. இது எனக்கு ஒப்புதல் இல்லாத நடைமுறை.

எழுதிக்கொடுக்காத ஒரு நிமிடத்தை வகுப்பில் வாரத்திற்கு ஒருமுறை நடத்திப் பாருங்கள். மற்ற மாணவரே மறிக்கட்டும். தொடக்கத்தில் தயக்கத்துக்கு விலக்கு அளித்து, மற்ற இரண்டு குற்றங்களை மட்டும் கணக்கில் கொள்ளலாம்.

ஆனால் தமிழில் ஆடும்போது ஒரு சிக்கல் எழும். 'சென்றேன்' என்றவர் பிறகு 'சென்றார்கள்' என்றால், கூறியது கூறலா? 'வீட்டில்', 'வீட்டுக்கு' ஆகியன ஒரு சொல்லா, இரண்டா? ஆங்கில ஆட்டத்தில் 'பிபிசி' என்றாலே 'பி' இருமுறை வந்துவிட்டது என்று மறிக்கும் வேடிக்கை உண்டு. நம்மிடமோ 'சலசல' இருக்கிறது. அது பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவி, ஆகவே ஒரே சொல் என்று ஒரு மாணவர் வாதிடக்கூடும். 'வருக வருக' அப்படியன்று, அது அடுக்குத்தொடர் என்று இன்னொருவர் மறிக்கக்கூடும். அன்று ஆட்டம் முடியாமலே மணி அடித்தாலும், இலக்கணப் பாடம் நடந்துவிட்டது என்றே குறித்துக்கொள்ளுங்கள்.